அந்தப் பெண்களிடம் கேட்டவர் யார்?

உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிக்கும் எங்களுக்கு இவ்வருடம் ஓர் ஒப்படை தரப்பட்டது. ஒரே சம்பவத்தை வெவ்வேறு பத்திரிகைகள் எவ்வாறு அறிக்கையிட்டன என்று ஒப்பிட்டு எழுத வேண்டும். தோழியர் பலர் தேர்தலை எடுத்தார்கள். சிலர் வெள்ள அனர்த்தத்தை எடுத்தார்கள். கிரிக்கெட்டை எடுத்த இருவருக்கு மட்டும் ஒப்படை செய்வதில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. நான் 2019 மே மாதத்தை எடுத்தேன்.

“ஏன் மகள் அந்த மாதம்?” என்று டீச்சர் கேட்டார். அந்த மாதத்தில் நான் ஏழாம் தரத்தில் இருந்தேன். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு பாடசாலைகள் பிந்தித்தான் திறந்தன. வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே வந்தால் குரல் தாழும். அந்தத் தாழ்ந்த குரல்களிடையே எனக்கு விளங்காத சில சொற்கள் அடிக்கடி வந்து போயின. சிசேரியன், கருத்தடை, குருணாகல். அந்தச் சொற்கள் எப்படி ஒன்றோடொன்று சேர்ந்தன என்பதை அறிய எனக்கு இப்போதுதான் வயதும் வாய்ப்பும் கிடைத்தன.

எங்கள் பொதுநூலகத்தில் பழைய பத்திரிகைகள் மாத வாரியாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. நூலகர் கட்டைத் தூக்கித் தந்தபோது தூசு பறந்தது. தமிழ்ப் பத்திரிகைகளை நானே வாசித்தேன். ஆங்கிலத்தில் வந்தவற்றை அகராதியின் துணையோடு வாசித்தேன். சிங்களத்தில் வந்தவற்றை வாசிக்க, சிங்கள மொழிமூலம் படித்த என் சாச்சி உதவினார். சாச்சி ஒரு குடும்பநல மருத்துவமாது. அவருடைய சேவைப் பிரிவில் சிங்களத் தாய்மாரே அதிகம். இந்தக் கட்டுரையில் அவர் மீண்டும் வருவார்.

2019 மே 23ஆம் திகதி ஒரு சிங்கள நாளிதழின் முதற்பக்கத்தில் ஒரு செய்தி வெளியாயிற்று. தடை செய்யப்பட்ட அமைப்போடு தொடர்புடைய ஒரு வைத்தியர் நாலாயிரம் சிங்கள பௌத்த தாய்மாருக்கு, சிசேரியன் சத்திரசிகிச்சையின்போது, அவர்களுக்குத் தெரியாமலே கருத்தடை செய்துவிட்டார் என்பது அதன் சாரம். வைத்தியரின் பெயர் அச்செய்தியில் இருக்கவில்லை. மறுநாள் குருணாகல் போதனா வைத்தியசாலையில் பணிபுரிந்த வைத்தியர் ஷாபி கைது செய்யப்பட்டார். சந்தேகத்துக்கிடமான முறையில் சொத்துச் சேர்த்தார் என்பதே கைதுக்குப் பொலிஸார் அப்போது சொன்ன காரணம். ஆனால் நாடு முழுவதும் பேசப்பட்டது சொத்தைப் பற்றியல்ல, கருப்பையைப் பற்றியே.

அதன் பிறகு நூற்றுக்கணக்கான பெண்கள் வைத்தியசாலைக்கு வந்து முறைப்பாடு செய்தார்கள். அந்த வரிசைகளின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. நான் அந்தப் படங்களை நீண்ட நேரம் பார்த்தேன். சிலர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். சிலர் முகத்தைச் சேலைத் தலைப்பால் மறைத்திருக்கிறார்கள். ஒருவர் கையில் கிளினிக் கொப்பியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிறார். செய்திகளில் அரசியல்வாதிகள் பேசுகிறார்கள், வைத்தியர் சங்கத்தினர் பேசுகிறார்கள், சமயத் தலைவர்கள் பேசுகிறார்கள், பொலிஸ் பேச்சாளர் பேசுகிறார். எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் எங்கள் அரசியல்வாதிகள் மறுத்துப் பேசுகிறார்கள். வரிசையில் நின்ற பெண்கள் மட்டும் அநேகமாக ஓர் எண்ணிக்கையாகவே இருக்கிறார்கள். நேற்று இத்தனை பேர், இன்று இத்தனை பேர் என்று கூடிக்கொண்டே போகும் ஓர் எண்ணிக்கை.

“உங்களுக்கு என்ன நடந்தது, அம்மா? சத்திரசிகிச்சைக்கு முன் உங்களிடம் யார் என்ன சொன்னார்கள்? நீங்கள் எதில் கையொப்பமிட்டீர்கள்?” என்று அவர்களிடம் நிதானமாகக் கேட்டு எழுதிய ஒரு செய்தியை நான் புரட்டிய கட்டுகளில் காணவில்லை.

இது திடீரென்று முளைத்த கதையுமல்ல. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் ஹோட்டலில் சாப்பிட வந்த ஒருவர், தன் உணவில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி அது மலட்டு மாத்திரை என்று சத்தமிட்டார். கூட்டம் கூடிவிட்டது. பணப்பெட்டியருகே இருந்தவருக்குச் சிங்களம் சரளமாகத் தெரியாது. சூழ நின்றவர்கள் உலுக்கிக் கேட்டபோது அவர் பயத்தில் எதையோ சொல்லித் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு காணொளியாகி ஊரெல்லாம் ஒப்புதல் வாக்குமூலமாயிற்று. ஹோட்டலும் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் ஆராய்ந்து, அது வெறும் மாவுக் கட்டி என்று கூறியது. உணவில் கலந்து ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை உலகிலேயே இல்லை என்று மருத்துவ நிபுணர்களும் சொன்னார்கள். ஆனால் அதற்குள் மார்ச் முதல் வாரம் வந்துவிட்டது. திகன எரிந்தது.

ஒரு மாவுக் கட்டிக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்தேன். கொத்து ரொட்டியில் கல் கிடந்தது என்று சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். நஞ்சு என்று சொல்லியிருந்தால்கூட இந்தளவுக்குப் போயிருக்குமோ தெரியாது. “நம் பெண்களின் வயிற்றை அவர்கள் கெடுக்கிறார்கள்” என்று சொன்னபோதுதான் ஆண்கள் தடியெடுத்தார்கள். இனத்தைப் பற்றிய பயம் பெண்ணின் உடலுக்குள் புகும்போது, அதற்கு ஆதாரம் கேட்பதே துரோகம் போல ஆகிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஐடா பீ. வெல்ஸ் துணைக்கு வந்தார். ஊடகத்தின் வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் பெயர் அது. நான் அந்த ஒரு வரியோடு நிற்க விரும்பாமல் தேடிப் படித்தேன்.

அவர் 1862இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1878இல் மஞ்சள் காய்ச்சலில் தாயும் தந்தையும் இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது. தம்பி தங்கையரைப் பிரித்து வெவ்வேறு வீடுகளுக்குக் கொடுக்கலாம் என்று பெரியவர்கள் பேசினார்கள். அவர் மறுத்து, ஆசிரியையாக வேலைக்குப் போய் அவர்களைக் காப்பாற்றினார். எங்கள் வயதை விடக் குறைந்த வயதில்! பின்னர் டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் ‘பிரீ ஸ்பீச்’ என்ற பத்திரிகையின் பங்காளியும் ஆசிரியருமானார்.

அக்காலத்தில் தென் மாநிலங்களில் கறுப்பின ஆண்களைக் கும்பலாகச் சேர்ந்து தூக்கிலிட்டும் எரித்தும் கொல்லும் கொடுமை நடந்துவந்தது. நீதிமன்றமில்லை, சாட்சியில்லை. பத்திரிகைகள் அதற்கு ஒரே காரணத்தைத் திரும்பத் திரும்ப எழுதின. வெள்ளைப் பெண்ணின் மானத்தில் கைவைத்தான் என்பதே அந்தக் காரணம். கொலை பிழைதான், ஆனாலும் குற்றம் பெரிதல்லவா என்று நல்லவர்களும் மௌனமாக இருந்தார்கள். வெல்ஸும் ஒரு காலம்வரை அந்தக் காரணத்தை உண்மையென்றே எண்ணியிருந்தார்.

1892 மார்ச்சில் அவருடைய நண்பர் தோமஸ் மொஸ்ஸும் வேறு இருவரும் மெம்பிஸில் கொல்லப்பட்டார்கள். அவர்கள் எந்தப் பெண்ணையும் ஏறிட்டுப் பார்த்ததாகக்கூட எவரும் சொல்லவில்லை. அவர்கள் ஒரு பலசரக்குக் கடை நடத்தினார்கள். அதே பகுதியில் கடை வைத்திருந்த ஒரு வெள்ளையருக்கு அதனால் வியாபாரம் குறைந்தது. அங்கிருந்துதான் தகராறு வளர்ந்தது. கடைதான் காரணம் என்றால், மற்றக் கொலைகளின் காரணம் என்ன என்று வெல்ஸ் கேட்கத் தொடங்கினார். (திகனயிலும் அளுத்கமயிலும் எரிந்தவற்றில் கடைகள் எத்தனை என்பதை யாராவது தனியாக எண்ணினால் நல்லது.)

அவர் செய்தது சாதாரண வேலை. எண்ணினார். வெள்ளையர்களின் பத்திரிகைகளில் வந்த செய்திகளையே எடுத்து, கொல்லப்பட்டவர்களின் பெயர், ஊர், சொல்லப்பட்ட குற்றம் என்று வரிசைப்படுத்தினார். தன் பக்கத்துக் கணக்கென்றால் மிகைப்படுத்தல் என்பார்கள் என்பதால், குற்றம் சாட்டும் பக்கத்தின் கணக்கையே எடுத்தார். எட்டு ஆண்டுகளில் கொல்லப்பட்ட 728 பேரில் மூன்றிலொரு பங்கினர் மீதே பாலியல் குற்றம் சாட்டப்பட்டிருந்தது. சாட்டப்பட்டிருந்தது மட்டுமே, நிரூபிக்கப்படவில்லை. மற்றவர்கள் களவு, வாய்த்தர்க்கம், வியாபாரம், அல்லது ஒரு காரணமுமில்லாமல் கொல்லப்பட்டவர்கள். சில சம்பவங்களில் அந்தப் பெண்ணும் அந்த ஆணும் விருப்பத்தோடு பழகியவர்கள் என்பதையும், விஷயம் வெளியே தெரிந்த பிறகே அது குற்றமாக மாற்றப்பட்டது என்பதையும் அவர் எழுதினார். அதே மண்ணில் கறுப்பினப் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் வெள்ளை ஆண்கள் இழைத்த கொடுமைகளுக்காக எந்தக் கும்பலும் திரளவில்லை என்பதையும் எழுதினார்.

இதை எழுதியதற்காக 1892 மே மாதத்தில் அவருடைய பத்திரிகை அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. அப்போது அவர் வெளியூரில் இருந்ததால் உயிர் தப்பினார். திரும்பி வந்தால் கொல்வோம் என்று சொன்னார்கள். அவர் நியூயோர்க்கில் தங்கித் தொடர்ந்து எழுதினார். அதே ஆண்டு ‘சதர்ன் ஹொரர்ஸ்’ என்ற சிறுநூலும், 1895இல் ‘த ரெட் ரெக்கோர்ட்’ என்ற நூலும் வெளிவந்தன. பெரிய பத்திரிகைகள் அவரை அசிங்கமான எண்ணம் கொண்டவள் என்று ஏசின. பெண்ணொருத்தி இதையெல்லாம் பேசலாமா என்பதும் அந்த ஏச்சுக்குள் இருந்தது. 2020இல், அவர் இறந்து 89 ஆண்டுகளுக்குப் பிறகு, புலிட்சர் விருதுக் குழு அவருக்குச் சிறப்பு விருது அளித்தது. விருது வாங்க அவர் இருக்கவில்லை, ஏசியவர்களும் இருக்கவில்லை.

மெம்பிஸும் குருணாகலும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கு நடந்த கொலைகளின் தொகையை இங்கு நடந்தவற்றோடு வைத்துப் பார்ப்பது அவர்களின் துயரத்தைச் சிறிதாக்கிவிடும். நான் வெல்ஸிடம் எடுத்துக்கொண்டது ஒரேயொரு விடயம். செய்தி ஒரு பெண்ணின் பெயரால் எழுதப்பட்டிருந்தால் அந்தப் பெண் அந்தச் செய்திக்குள் எங்கே இருக்கிறாள் என்று தேடுவது. என் ஒப்படையின் இரண்டாம் பகுதியை அதை வைத்தே எழுதினேன்.

அப்படித் தேடினால் குருணாகல் செய்தி முதலிலேயே தடுமாறுகிறது. கருத்தடைச் சத்திரசிகிச்சை என்பது பலோப்பியன் குழாய்களைக் கட்டி வெட்டுவது. அதற்குச் சம்மதக் கையொப்பம் வேண்டும். சிசேரியன் நடக்கும் கூடத்தில் ஒரு வைத்தியர் தனியே இருப்பதில்லை. மயக்க மருந்து வைத்தியர் இருப்பார், உதவி வைத்தியர் இருப்பார், கருவிகளை எடுத்துக் கொடுக்கும் தாதி இருப்பார், சிற்றூழியர்கள் இருப்பார்கள். இத்தனை கண்களுக்கு முன்னால் ஆயிரக்கணக்கான முறை எவருக்கும் தெரியாமல் ஒரு காரியத்தைச் செய்ய முடியுமா? குழாய்கள் அடைபட்டிருக்கின்றனவா என்று பார்ப்பதற்குப் பரிசோதனையும் உண்டு. கருப்பைக்குள் ஒரு திரவத்தைச் செலுத்திக் கதிர்ப்படம் எடுத்தால் தெரியும். இவையெல்லாம் ஒரு நிருபர் வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்து அரை மணித்தியாலத்தில் அறிந்துகொள்ளக்கூடியவை. முதற்பக்கத்துக்குப் போகும் செய்திக்கு அந்த அரை மணித்தியாலம் கிடைக்கவில்லை.

குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணை செய்து, குற்றச்சாட்டை நிறுவும் சான்றுகள் கிடைக்கவில்லை என்று நீதவான் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஜூலை 25ஆம் திகதி வைத்தியர் பிணையில் வெளிவந்தார். இரண்டு மாதங்கள் உள்ளே இருந்துவிட்டுத்தான். வேலை இல்லாத காலத்துச் சம்பள நிலுவை 2022இல்தான் அவருக்குக் கொடுக்கப்பட்டது. 26 இலட்சத்துக்கும் மேற்பட்ட அந்தத் தொகையை அவர் மருந்துகள் வாங்குவதற்கென்று சுகாதார அமைச்சுக்கே திருப்பிக் கொடுத்தார். நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு நிலவிய நேரம் அது. இந்தச் செய்தியை எங்கள் ஊரில் எல்லோரும் அறிவார்கள். மே 23ஆம் திகதிப் பத்திரிகையை வாசித்தவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

அதே மே மாதத்தில் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டார். அவருடைய ஆடையில் தர்மச் சக்கரம் அச்சிடப்பட்டிருக்கிறது என்பது குற்றச்சாட்டு. உண்மையில் அது கப்பலின் சுக்கான் சக்கரம். அவர் இரண்டு வாரங்களுக்கும் மேல் விளக்கமறியலில் இருந்தார். இன வெறுப்பைத் தூண்டுவோரைத் தண்டிப்பதற்காக உள்ள சட்டத்தைக் கொண்டு, வீட்டு ஆடையோடு இருந்த ஒரு பெண்ணைச் சிறையிலடைத்தார்கள். பிற்பாடு உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று தீர்ப்பளித்தது. அந்த நாட்களில் எங்கள் ஆடையைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. ஏப்ரல் 29 முதல் முகத்தை மூடுவது அவசரகாலச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டிருந்தது. பயங்கரவாதம் பற்றிய செய்தி எதுவாக இருந்தாலும் பக்கத்தில் அபாயா அணிந்து நடந்துபோகும் ஏதோ ஒரு பெண்ணின் படம் இருக்கும். முதுகுப் பக்கமாக எடுத்த படம். அவள் மரக்கறி வாங்கப் போயிருப்பாள். தன் முதுகு எந்தச் செய்திக்குப் போனது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

இவ்வளவும் எழுதிய பிறகு டீச்சர் என் வரைவை வாசித்துவிட்டு, “நல்லா இருக்கு. ஆனா மற்றவங்களப் பத்தி மட்டும்தானே எழுதியிருக்கிறீங்க?” என்றார். அவர் சொன்னதன் பேரில் தமிழ்ப் பத்திரிகைகளையும் எங்கள் கைத்தொலைபேசிகளில் வரும் ஊர்ச் செய்திகளையும் அதே கண்ணோடு பார்த்தேன்.

ஒரு பெண் கொல்லப்பட்டால், “தகாத உறவு காரணமா?” என்று தலைப்பிலேயே ஒரு கேள்விக்குறியை நட்டுவிடுகிறார்கள். கேள்விக்குறி போட்டால் பொறுப்பு வாசகருக்குப் போய்விடும் என்பது போல. பாலியல் கொடுமைக்கு ஆளானவரின் பெயரைப் போடாமல் விடுகிறார்கள். ஆனால் ஊரையும் தெருவையும் தந்தையின் தொழிலையும் படிக்கும் வகுப்பையும் எழுதுகிறார்கள். அந்த ஊரில் இருப்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்? அத்தகையவர்களின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று எங்கள் நாட்டின் தண்டனைச் சட்டக்கோவையும் சொல்கிறது, பத்திரிகை ஆசிரியர்களின் ஒழுக்கக் கோவையும் சொல்கிறது. தவறைத் திருத்தினால் அதை உரிய இடத்தில் பிரசுரிக்க வேண்டும் என்றும் அந்தக் கோவையில் இருக்கிறது. முதற்பக்கத்தில் எழுதியதை ஏழாம் பக்கத்தின் மூலையில் திருத்துவதை உரிய இடம் என்று யார் சொல்வார்?

எங்களுக்கு இதைச் சொல்லித்தர வெளியிலிருந்து ஒரு கோவை வரவேண்டியதில்லை என்பதுதான் என் கவலை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு கிளம்பிய வரலாற்றை நாங்கள் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். பயணத்தில் தொலைந்த ஒரு மாலை, அதைத் தேடிப் போனதால் பின்தங்கியது, அதைக் கொண்டு நாவுகள் கட்டிய கதை. மதீனாவே பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாதமளவு அவர்கள் நோயுற்றிருந்தார்கள். தம்மைப் பற்றித்தான் பேச்சு என்பது அவர்களுக்குத்தான் கடைசியாகத் தெரியவந்தது. இந்த வரலாற்றில் மார்க்க வகுப்பில் நான் அதிகம் கவனித்திராத ஓர் இடம் இம்முறை என்னை நிறுத்தியது. நபி (ஸல்) அவர்கள் விசாரித்தபோது, ஆயிஷா (ரலி) அவர்களை அன்றாடம் அறிந்த பெண்களிடம் கேட்டார்கள். வீட்டுப் பணிப்பெண் பரீரா (ரலி) அவர்களிடமும், ஸைனப் (ரலி) அவர்களிடமும் கேட்டார்கள். இருவரும் நன்மையைத் தவிர வேறெதையும் அறியோம் என்றே சொன்னார்கள். பிறகு சூரத்துன் நூரின் வசனங்கள் இறங்கின. கேள்விப்பட்ட உடனேயே ஏன் நல்லெண்ணம் கொள்ளவில்லை, ஏன் நான்கு சாட்சிகளைக் கொண்டுவரவில்லை என்ற கண்டிப்பு அவதூறைத் தொடங்கியவர்களுக்கு மட்டுமல்ல, காதில் வாங்கி நாவில் எடுத்துக் கொடுத்தவர்களுக்கும் சேர்த்தே வந்தது. இன்று நாங்கள் நாவுக்குப் பதிலாகப் பெருவிரலைப் பயன்படுத்துகிறோம்.

இனிச் சாச்சியின் கதை. அந்த மே மாதத்திலும் அவர் வழக்கம்போல் வீடு வீடாகப் போனார். பத்து வருடமாகத் தெரிந்த வீடுகள். சில வீடுகளில் நாய் கட்டப்படாமலே இருந்தது, ஆளில்லை என்று பதில் வந்தது. அவரால் அதைத் தாங்க முடிந்தது. தாங்க முடியாமல் போனது வேறொன்று. ஒரு சிங்களத் தாய் அவரை உள்ளே அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, தன் கிளினிக் கொப்பியைக் காட்டி, “மிஸ், எனக்கும் அப்படிச் செய்திருப்பார்களா? இரண்டாவது பிள்ளை ஏன் தங்கவில்லை?” என்று கேட்டாராம். அவருக்குச் சிசேரியன் செய்தவர் ஒரு சிங்கள வைத்தியர். அது அவருக்கும் தெரியும்.

“அவ என்னையச் சந்தேகப்படல்ல மகள்,” என்றார் சாச்சி. “அவக்கு மூணு வருஷமா ஒரு கேள்வி இருந்திருக்கு. வயித்தக் கீறினவங்க என்ன செஞ்சாங்கண்டு யாரும் அவக்கு வெளங்கப்படுத்தல்ல. படிவத்துல கையொப்பம் வைக்கச் சொன்னாங்க, வெச்சா. மாமியார் மலடிங்கிறா. அந்த நேரம் பேப்பர்ல ஒரு பதில் வந்திச்சு.”

ஒப்படைக்காக நான் வாசித்த எல்லாவற்றிலும் இந்தச் சில வரிகளுக்கு நிகரான ஒன்றை நான் காணவில்லை. அந்த வரிசையில் நின்றவர்களை நான் அதுவரை எங்களுக்கு எதிராக நின்றவர்களாகவே பார்த்திருந்தேன். எங்களில் பலரும் அப்படித்தான் பார்த்தோம். அந்த வரிசையில் இனவெறியோடு வந்தவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் பிள்ளை இல்லை என்ற பேச்சை வருடக்கணக்கில் கேட்டவர்கள், வைத்தியசாலையில் கேள்வி கேட்டால் ஏச்சு வாங்கியவர்கள், தங்கள் உடலில் என்ன நடந்தது என்பதை யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தவர்களும் இருந்திருப்பார்கள். பத்திரிகை அவர்களுக்கு விளக்கம் கொடுக்கவில்லை, ஓர் எதிரியைக் கொடுத்தது. எதிரி பிணையில் போன பிறகு நிருபர்களும் போய்விட்டார்கள். அந்தப் பெண்களின் கேள்விகள் அப்படியே இருந்தன. அநியாயம் செய்யப்பட்டவர் வைத்தியர் ஒருவர் மட்டும்தான் என்று எழுதினால் என் ஒப்படை பாதியோடு நின்றுவிடும் என்பதால், முடிவுரையை மாற்றி எழுதினேன்.

வகுப்பில் ஒப்படையைச் சமர்ப்பித்தபோது எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். பேசி முடித்ததும் பின் வரிசையிலிருந்து ஒரு தோழி எழுந்தாள்.

“இது மறுபக்கமா நடந்திருந்தா? எங்க உம்மாமாருக்கு ஒரு சிங்கள டொக்டர் இப்படிச் செஞ்சாருண்டு எங்க பேப்பர்ல வந்திருந்தா, நாங்க ஆதாரம் கேட்டிருப்போமா?”

யாரும் பதில் சொல்லவில்லை. அவளே தொடர்ந்தாள். ஆறாம் தரத்தில் எங்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசி போட வந்தார்கள். 2017 முதல் நாடெங்கும் அந்த வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் போடப்படும் ஊசி அது. அப்போது எங்கள் ஊரில் ஒரு குரல் பதிவு சுற்றியது. முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காமல் செய்வதற்கான ஊசி என்று ஓர் ஆணின் குரல் சொன்னது. யாருடைய குரல் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. “எங்க உம்மா படிவத்துல கையொப்பம் வைக்கல்ல,” என்றாள் அவள். “நான் அண்டைக்கு வீட்டுல நிண்டேன்.”

எனக்கும் அந்த நாள் நினைவிருக்கிறது. அன்றிரவு சாச்சி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். உம்மா அயல் வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டார். விறாந்தையில் பாய் விரித்து ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சாச்சி ஒரு காகிதத்தில் கருப்பையைப் படமாக வரைந்தார், புற்றுநோய் எங்கே வருகிறது என்று காட்டினார், ஊசி எந்தக் கிருமிக்கு எதிரானது என்று சொன்னார். நாட்டிலுள்ள எல்லா இனத்துப் பெண் பிள்ளைகளுக்கும் இதே ஊசிதான் என்றார். பெண்கள் முதலில் ஊசியைப் பற்றிக் கேட்டார்கள். பிறகு வெட்கம் விட்டு வேறு விடயங்களையும் கேட்டார்கள். மாதவிடாய் நிற்கும் காலம், தங்காத பிள்ளை, சத்திரசிகிச்சைத் தழும்பில் வரும் வலி. நாற்பது வயதில் ஒருவர், தன் கருப்பை ஏன் எடுக்கப்பட்டது என்று தனக்குத் தெரியாது என்றார். கணவரிடம் சொல்லியிருப்பார்கள் என்றார்.

தேநீர் இரண்டு தடவை ஊற்றப்பட்டது. சாச்சி போகும்போது மணி பத்தரை. அந்தப் படம் வரைந்த காகிதத்தை அயல் வீட்டு மாமி ஒருவர் மடித்துத் தன் குர்ஆன் அலமாரியின் இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார்.